கோயிலைக் கடைசியாகப் பாருங்கள்: கோங்க் என்ற பிரெஞ்சுக் கிராமத்தைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தென் பிரான்சில், அவேரோன் மாவட்டத்தின் வடபகுதியில், ஒரு மலைச்சரிவில் தொற்றிக்கொண்டு நிற்கிற ஊர் கோங்க். ரொடேஸ் நகரத்திலிருந்து காரில் சுமார் 40 கிலோமீட்டர். ஊருக்குள் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் முந்நூறு பேருக்கும் குறைவு. கோடைக்காலத்தில் ஒரே நாளில் அதைப் போலப் பல மடங்கு ஆட்கள் வந்து போகிறார்கள்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். காரை நிறுத்துவார்கள், நேராக ஊரின் பழைய கிறிஸ்தவ மடத்துக் கோயிலுக்குப் போவார்கள், வாசல் சிற்பத்தைப் படம் எடுப்பார்கள், தங்கச் சிலையைப் பார்ப்பார்கள், ஒரு ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள். இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. இத்தனை சின்ன ஊரில் எதற்கு இவ்வளவு பெரிய கோயில் என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கும். அதற்குக் கோயிலுக்குள் பதில் கிடைக்காது. ஊர் உட்கார்ந்திருக்கிற அந்தச் சரிவைப் பார்த்தால்தான் கிடைக்கும்.

அதனால் இங்கே வரிசையை மாற்றியிருக்கிறேன். முதலில் நிலம், அப்புறம் கல், அப்புறம் ஊரின் பழைய கதை, தெரு, அதன் பிறகே கோயில். பிரான்சில் வேறு எந்தக் கிராமத்துக்குப் போனாலும் இதே வரிசையில் போகலாம். கோங்க்கை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இங்கே ஒவ்வொன்றும் அடுத்ததை எப்படி உண்டாக்கியது என்பது கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். ஓர் இரவு தங்க முடிந்தால் இன்னும் நல்லது.

படி 1: கிளம்பும் முன் வரைபடம்

பிரெஞ்சு அரசின் இணைய வரைபடத் தளம் (முன்பு 'ஜியோபோர்த்தாய்', இப்போது cartes.gouv.fr) இலவசம். அதில் இன்றைய வரைபடத்தின் மேலேயே பழைய வரைபடங்களையும் அடுக்காக வைத்துப் பார்க்கலாம். பழையவற்றில் முக்கியமானது கஸ்ஸினி வரைபடம். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கஸ்ஸினி குடும்பத்தார் நாடு முழுவதையும் முக்கோண அளவீட்டு முறையில் அளந்து வரைந்தது. அதன் அளவுவீதம் 1:86,400. அடுத்த அடுக்கில் 19ஆம் நூற்றாண்டின் ராணுவ வரைபடம் இருக்கும்.

கோங்க்கைத் தேடி எடுத்ததும் வீடுகளைப் பார்க்காமல் நீரோட்டத்தைப் பாருங்கள். ஊருக்குக் கீழே ஊஷ் என்ற சிற்றோடை ஒரு குறுகிய பள்ளத்தில் ஓடி வந்து டூர்டு ஆற்றில் விழுகிறது. டூர்டு வடக்கே போய் க்ராங்வாப்ர் என்ற ஊரருகில் லொத் நதியில் கலக்கிறது. லொத் மேற்கே ஓடி கரோன் நதியோடு சேர்கிறது, கரோன் போர்தோவுக்குப் போகிறது. இந்தப் பாதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டு நேரத்தில் தேவைப்படும்.

இப்போது சமஉயரக் கோடுகளைப் பாருங்கள். ஊரைச் சுற்றி அவை நெருக்கி அடித்துக்கொண்டு கிடக்கும். சமதளம் என்று சொல்லிக்கொள்ளக் கையளவு இடம் இல்லை. உழவுக்கு ஏற்ற நிலமெல்லாம் மேலே பீடபூமியில் இருக்கிறது. யாராவது விருப்பப்பட்டு ஊர் கட்டுகிற இடமா இது என்று தோன்றும். அந்தச் சந்தேகம் சரிதான். ஆள் நடமாட்டம் வேண்டாம் என்று நினைத்த ஒருவர்தான் இங்கே முதலில் வந்தார். அவர் கதை 4ஆவது படியில்.

ஆவணம் தேடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2016 ஜனவரி 1 முதல் கோங்க், க்ராங்வாப்ர், நொவாயாக், சேன்-சிப்ரியேன்-சூர்-டூர்டு ஆகிய நான்கு ஊராட்சிகளும் இணைந்து கோங்க்-ஆன்-ரூவெர்க் என்ற ஒரே ஊராட்சியாகிவிட்டன. ஊராட்சி அலுவலகம் இருப்பது சேன்-சிப்ரியேனில், கோங்க்கில் இல்லை. அதனால் புதிய மக்கள்தொகைக் கணக்கில் ஆயிரத்தைத் தாண்டிய எண் வந்தால் அது நான்கு ஊருக்கும் சேர்த்துச் சொல்வது. பிரான்சில் பல சின்ன ஊர்கள் இப்படி இணைக்கப்பட்டிருக்கின்றன. பழைய பெயரிலும் புதிய பெயரிலும் தேடிப் பாருங்கள்.

நேரம் இருந்தால் நெப்போலியன் காலத்து நிலவரிப் படங்களையும் புரட்டலாம். 1807ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊர் ஊராக, மனை மனையாக வரையப்பட்டவை. மாவட்ட ஆவணக் காப்பகங்களின் இணையதளங்களில் கிடைக்கும். எந்த மனையில் வீடு, எதில் திராட்சை, எதில் செஸ்ட்நட் தோப்பு என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை.

படி 2: எதிர் மலையிலிருந்து ஒரு பார்வை

ஊருக்குள் நுழையும் முன், எதிர்ப்பக்கத்தில் இருக்கும் பாங்கரெல் என்ற இடத்துக்குப் போய்விடுங்கள். காலை வெயிலில் போவது நல்லது. அங்கிருந்து முழு ஊரும் ஒரே சட்டத்துக்குள் வரும்.

வீடுகள் சமஉயரக் கோடுகளை ஒட்டி வரிசை வரிசையாக நிற்கின்றன. எல்லாமே வெயில் விழும் பக்கம். மலைப் பிரதேசத்தில் வெயில் படும் சரிவும் நிழல் சரிவும் இரண்டு தனி உலகங்கள். குடியிருப்பும் திராட்சையும் வெயிலுக்கு, காடு நிழலுக்கு. ஊரைச் சுற்றி இன்று பச்சையாகத் தெரிகிற சரிவுகளில் பல, ஒரு காலத்தில் படிக்கட்டுப் போல வெட்டிய திராட்சைத் தோட்டங்கள். உற்றுப் பார்த்தால் மரங்களுக்கு இடையே இடிந்த தாங்குசுவர்கள் கோடு கோடாகத் தெரியும்.

கோயிலைத் தேடுங்கள். அது ஊரின் உச்சியில் இல்லை. வீடுகளுக்கு நடுவே, சரிவில் வெட்டி நிரவிய ஒரு மேடையில் நிற்கிறது. மலைப்பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். நீளவாக்கில் விரிய இடமே கிடையாது. இதை மறக்காதீர்கள்.

படி 3: கல்லைப் படியுங்கள்

இனி ஊருக்குள் நடக்கலாம். முதல் அரைமணி நேரம் சுவர்களை மட்டும் பாருங்கள். கோங்க்கில் மூன்று கல் இருக்கிறது. மூன்றையும் அடையாளம் தெரிந்துகொண்டால் எந்தச் சுவர் யாருடைய பணத்தில் எழுந்தது என்று ஓரளவுக்கு ஊகித்துவிடலாம்.

சாம்பல் நிறத்தில், தகடு தகடாகப் பிரியும் கல் உள்ளூர்ச் சிஸ்ட் பாறை. அஸ்திவாரம் தோண்டினாலே கிடைக்கும். செலவில்லாத கல் என்பதால் வீட்டுச் சுவர், தெருத் தளம், தாங்குசுவர் எல்லாம் இதுதான். கூரையும் இதுதான்: லோஸ் என்று சொல்லும் கல் பலகைகளை மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். ஓட்டைவிடப் பல மடங்கு கனம். அதைத் தாங்க வேண்டும் என்பதால் கூரைச் சட்டங்கள் தடித்த மரமாக இருக்கும், கூரையும் செங்குத்தாக இருக்கும்.

இரண்டாவது, தேன் நிற மஞ்சள் சுண்ணாம்புக்கல். இது லுனெல் பீடபூமியிலிருந்து வந்தது. இழைத்துச் செதுக்க வசதியான கல் என்பதால் கோயிலின் முகப்பு, சிற்பம், தூண்தலைகள் எல்லாம் இதில். மூன்றாவது, சிவப்பு மணற்கல். டூர்டு பள்ளத்தாக்கில் தெற்கே, நொவியால் ஊர்ப் பக்கத்துக் கல். அந்தப் பக்கம் போனால் மண்ணே ரத்தச் சிவப்பாக இருக்கும்.

மஞ்சளும் சிவப்பும் மாட்டு வண்டியில் ஏறி வரவேண்டிய கற்கள். அதாவது காசு. ஒரு வீட்டில் சுவரெல்லாம் சாம்பல் கல்லாக இருந்து வாசல் நிலை மட்டும் மஞ்சள் கல்லில் செதுக்கப்பட்டிருந்தால் அங்கே நில்லுங்கள். ஒன்று, அந்த வீட்டுக்காரர் வசதியானவராக இருந்திருப்பார். இல்லையென்றால் அந்தக் கல் மடத்திலிருந்து வந்திருக்கும். மடத்தின் உள்முற்றம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாழடைந்து கிடந்தபோது, அதன் கற்களை ஊர்க்காரர்கள் வீடு கட்ட எடுத்துக்கொண்டு போனார்கள். இன்று அங்கே ஒரு சில வளைவுகள்தான் மிச்சம். நடுவில் பச்சை நிறச் செர்பென்டைன் கல்லில் செய்த பெரிய நீர்த்தொட்டி ஒன்று இருக்கிறது.

படி 4: கதையின் முதுகெலும்பு, அதாவது ஒரு திருட்டு

வழிகாட்டிப் புத்தகங்கள் ஆண்டுகளை அடுக்கிக்கொண்டே போகும். உங்களுக்கு எல்லாம் வேண்டாம். ஒன்றிலிருந்து ஒன்று எப்படிப் பிறந்தது என்பதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

8ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாதோன் என்ற துறவி தனிமை தேடி இந்தப் பள்ளத்துக்கு வந்தார். அவரைச் சுற்றிச் சீடர்கள் சேர்ந்தார்கள், மடம் உண்டானது. 819இல் பிராங்கியப் பேரரசர் சார்லமேனின் மகன் பக்திமான் லூயி மன்னர் அதற்கு ஒரு சாசனம் கொடுத்தார். தனிமைக்கு ஏற்ற இடம் மடத்துக்கு ஏற்ற இடமாக இருக்கவில்லை. நெருக்கடி, போக்குவரத்து இல்லை, சோறு போடும் நிலம் இல்லை. 838இல் தென்மேற்கே இருந்த அக்கித்தேன் பகுதியின் மன்னர் பெப்பேன், மேற்கே விசாலமான சமவெளியில் இருந்த ஃபிஜாக்கை 'புதிய கோங்க்' ஆக்கிக் கொடுத்தார் என்று ஆவணங்கள் சொல்கின்றன. துறவிகளில் ஒரு பகுதியினர் அங்கே போய்விட்டார்கள். இருந்தவர்கள் பழைய மலைச்சரிவோடு மாட்டிக்கொண்டார்கள்.

இனி பிழைக்க ஒரே வழி, மக்களை இங்கே வரவழைப்பது. அந்தக் காலத்தில் மக்களை வரவழைக்க ஒரு புனிதரின் எலும்பு வேண்டும். முதலில் ஸ்பெயினின் வலென்சியாவில் இருந்த புனித வின்சென்ட்டின் எலும்புகளுக்கு முயன்றார்கள், கைகூடவில்லை. அப்புறம் கண் போனது ஆஜேன் நகரத்தின் மேல். அங்கே புனித ஃபுவா என்ற சிறுமியின் கல்லறை இருந்தது. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பன்னிரண்டு பதின்மூன்று வயதில், விசுவாசத்தை விட மறுத்ததற்காகக் கொல்லப்பட்டவள் என்பது மரபு. கோங்க்கிலிருந்து போன ஒரு துறவி, ஆஜேன் ஆட்களோடு பல ஆண்டுகள் பழகி, நம்பிக்கை சம்பாதித்து, கல்லறைக்குக் காவலாளியாகி, ஒருநாள் எலும்புகளை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். காலம் 866ஐ ஒட்டி.

இதை மடமே எழுதி வைத்தது. வெட்கப்பட்டு மறைக்கவில்லை, பெருமையாகச் சொன்னது. புனிதைக்கு விருப்பம் இல்லையென்றால் அவளை யாராலும் தூக்கி வந்திருக்க முடியாது, ஆகவே வந்ததே அவள் சம்மதத்துக்குச் சாட்சி என்பது அவர்கள் வாதம். எந்த வக்கீலுக்கும் தோன்றாத வாதம்!

திட்டம் பலித்தது. 10ஆம் நூற்றாண்டின் இறுதியில், பிடுங்கப்பட்ட கண்கள் ஒருவருக்குத் திரும்பக் கிடைத்தன என்ற கதை பரவியதும் கூட்டம் பெருகியது. ல புய் நகரத்திலிருந்து ஸ்பெயினின் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்குப் போகும் யாத்திரைப் பாதையில் கோங்க் பெரிய நிறுத்தமானது. 11ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒடோல்ரிக் என்ற மடத்தலைவர் இன்றைய கோயிலைத் தொடங்கினார். 1087 முதல் 1107 வரை தலைவராக இருந்த மூன்றாம் பெகோன் காலம் உச்சம். அல்சாஸின் செலெஸ்தா முதல் இங்கிலாந்தின் ஹார்ஷம் வரை கிளை மடங்கள் இருந்தன. நிலமில்லாத ஊர் மற்றவர் நிலத்தில் விளைந்ததைச் சாப்பிட்டது.

அதற்குப் பிறகு நெடிய சரிவு. 16ஆம் நூற்றாண்டில் துறவிகள் போய் சம்பளக் குருக்கள் வந்தார்கள். 1568இல் புராட்டஸ்டன்ட் படை தீ வைத்தது. பிரெஞ்சுப் புரட்சி வந்ததும் அந்தக் குருக்களும் கலைக்கப்பட்டார்கள். இந்தப் பகுதியைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் போதும்.

படி 5: தெரு

கோங்க்கில் தொலைந்து போவது கடினம். எல்லாத் தெருவும் ஒன்று மேலே போகும் அல்லது கீழே போகும். யாத்திரிகர் வழியிலேயே நடங்கள்: கிழக்கே மேட்டிலிருந்து இறங்கி வந்து, கோயிலைத் தாண்டி, சார்லமேன் தெரு வழியாக ஆற்றுக்கு இறங்குவது. வழியில் பழைய மதில் வாசல்கள் வரும். வென்ஸெல் வாசல், பாரி வாசல். பாரி வாசலுக்கு வெளியே இருந்த புறநகரில்தான் தொழிலாளர் வீடுகள்.

வீடுகளில் கவனிக்க வேண்டியது: அடித்தளம் கல், மேல்தளம் மரச்சட்டமும் பூச்சும், அதுவும் தெருவுக்கு மேல் நீட்டிக்கொண்டு. இடம் இல்லாத ஊரில் காற்றில் இடம் பிடிக்கும் உத்தி. மேல்தெருவில் வாசல் வழியாக நுழைகிற வீட்டுக்குக் கீழ்த்தெருவில் இன்னொரு கதவு இருக்கும், இரண்டு மாடி கீழே. அந்தக் கீழறைகள் திராட்சை மது பீப்பாய் வைக்கும் அறைகள்.

கோயிலுக்குப் பக்கத்திலேயே ப்ளோ ஊற்று இருக்கிறது. சரிவில் மடம் நிலைத்ததற்கு அந்தத் தண்ணீரும் ஒரு காரணம். தெரு இறங்கும் வழியில் கொஞ்சம் விலகினால் பாறை முனையில் புனித ரோக் சிற்றாலயம். ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பார்க்க நல்ல இடம், கூட்டமும் குறைவு.

படி 6: வாசல் சிற்பம்

இப்போது கோயிலின் மேற்கு வாசலுக்கு வாருங்கள். மதியத்துக்குப் பிறகு வெயில் நேராக விழும், அதுவே சரியான நேரம். தலைக்கு மேலே அரைவட்டத்தில் இறுதித் தீர்ப்பு. 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மஞ்சள் கல்லில் செதுக்கியது, 124 உருவங்கள். ஆழமான வளைவுக்கு அடியில் இருப்பதால் மழை படாமல் தப்பித்திருக்கிறது. நீல, சிவப்புச் சாயத்தின் எச்சம் இன்னும் தெரிகிறது.

நடுவில் கிறிஸ்து. அவர் வலது கை மேலே, இடது கை கீழே. நாம் நிற்கும் இடத்திலிருந்து இடப்பக்கம் மோட்சம், வலப்பக்கம் நரகம். மோட்சத்தில் எல்லோரும் ஒரே திசையில், ஒழுங்காக, அமைதியாக நிற்கிறார்கள். நரகத்தில் யாருக்கும் நேராக நிற்க இடமில்லை. சிற்பி எந்தப் பக்கத்தை ரசித்துச் செய்தான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மோட்ச ஊர்வலத்தில் மரியாளுக்கும் சாவியோடு நிற்கும் பேதுருவுக்கும் பின்னால், ஒரு மடத்தலைவர் முடிசூடிய ஒருவரைக் கையைப் பிடித்து அழைத்து வருகிறார். அவர் சார்லமேன் என்று சொல்வார்கள். எவ்வளவு பெரிய பேரரசராக இருந்தாலும் எங்கள் மடம் கைப்பிடித்துக் கூட்டிப் போனால்தான் உள்ளே விடுவார்கள் என்பது செய்தி. இதற்குக் கீழே முக்கோண மூலையில், ஒரு சிறுமி தரையில் விழுந்து கிடக்கிறாள், மேகத்திலிருந்து கடவுளின் கை நீண்டு அவளைத் தொடுகிறது. அவள்தான் ஃபுவா. அவளுக்குப் பின்னால் உள்ள வளைவுகளில் கைவிலங்குகள் தொங்குகின்றன. சிறைப்பட்டவர்களை விடுவிப்பவள் என்று அவளுக்குப் பெயர். விடுதலையானவர்கள் தங்கள் சங்கிலியைக் கொண்டுவந்து கோயிலில் போட்டார்கள்.

நடுவில் தராசு. ஒரு பக்கம் தேவதூதர் மிக்கேல், மறுபக்கம் ஒரு பேய். இருவரும் முகத்துக்கு முகம் முறைத்துக்கொள்கிறார்கள். பேயின் விரலைப் பாருங்கள்: தன் பக்கத் தட்டை நைசாக அழுத்துகிறது. அப்படியும் தராசு அதன் பக்கம் சாயவில்லை.

நரகத்தில் குதிரையிலிருந்து தலைகுப்புற விழும் வீரன், கழுத்தில் பணப்பையோடு தொங்கும் கஞ்சன், நாக்கு பிடுங்கப்படும் பொய்யன். முயல் தலையுள்ள பேய் ஒன்று வேட்டைக்காரனைக் கம்பியில் கோத்து வாட்டுகிறது. வலைக்குள் மாட்டிய சமயப் பெரியவர்களும் உண்டு, கையில் மடத்தலைவரின் வளைகோலோடு. மடத்து வாசலிலேயே மடத்து ஆட்களை நரகத்தில் போடும் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

கடைசியாக வெளி வளைவின் விளிம்பைப் பாருங்கள். அங்கே பதினான்கு சின்ன முகங்கள், துணியின் ஓரத்தைப் பிடித்துத் தூக்குவது போலக் கல்லின் ஓரத்தை விரல்களால் பற்றிக்கொண்டு மூக்குக்கு மேலே மட்டும் எட்டிப் பார்க்கின்றன. கைத்தொலைநோக்கி ஒன்று கொண்டுபோனால் விரல் நகம் வரை தெரியும். இதை விட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

முகப்பின் இரண்டு கோபுரங்களின் உச்சி மட்டும் பழையதல்ல, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டியது. 1837இல் வரலாற்றுச் சின்னங்களின் ஆய்வாளர் ப்ரோஸ்பேர் மேரிமே இங்கே வந்தபோது கட்டடம் விழும் நிலையில் இருந்தது. இப்படியொரு பொட்டல் மூலையில் இவ்வளவு செல்வமா என்று வியந்து அவர் எழுதிய அறிக்கைதான் அதைக் காப்பாற்றியது. 1873இல் ப்ரெமோன்த்ரே சபைத் துறவிகள் வந்து குடியேறினார்கள். இன்றும் யாத்திரிகரை வரவேற்பது அந்தச் சபையினர்தான்.

படி 7: உள்ளே

இரண்டாவது படியில் பார்த்த மேடையை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். நீளம் சுமார் 56 மீட்டர்தான், ஆனால் நடுக்கூடம் 22 மீட்டர் உயரம். நீட்ட இடமில்லாததால் உயர்த்திவிட்டார்கள். உள்ளே போனதும் கழுத்து தானாகவே மேலே போகும்.

பீடத்தைச் சுற்றி நடக்கும் பாதையில் இரும்புக் கிராதிகள். சுருள் சுருளாக அடித்துச் செய்தவை, 12ஆம் நூற்றாண்டு. வாசலில் பார்த்த கைவிலங்குகள் நினைவிருக்கிறதா? கைதிகள் போட்டுவிட்டுப் போன சங்கிலிகளை உருக்கித்தான் இவற்றைச் செய்தார்கள் என்பது ஊர்க் கதை.

ஜன்னல்களைப் பார்த்தால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். நிறம் இல்லை, புனிதர் உருவம் இல்லை, வெள்ளைக் கண்ணாடியில் வளைந்து போகும் கறுப்புக் கோடுகள் மட்டும். இவை ரொடேஸில் 1919இல் பிறந்த ஓவியர் பியேர் சூலாஜ் செய்தவை. 104 திறப்புகள், 1987 முதல் 1994 வரை வேலை. துலூஸ் நகரத்துக் கண்ணாடிக் கலைஞர் ழான்-தொமினிக் ஃப்ளெரி உடன் உழைத்தார். வெளிச்சத்தை உள்ளே விடும், ஆனால் வெளியே உள்ளதைக் காட்டாத ஒரு கண்ணாடிக்காக எக்கச்சக்கமான சோதனைகள் செய்தார்கள். முன்பிருந்த வண்ண ஜன்னல்களை எடுத்துவிட்டு இவற்றை வைத்தது ஊரில் எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை.

என் யோசனை, இங்கே ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள். வெளிச்சம் மாற மாற ஒரே கண்ணாடி ஒரு பக்கம் நீலமாகவும் இன்னொரு பக்கம் இளஞ்சூடான ஆரஞ்சாகவும் மாறும். சுவரின் மூன்று கற்களும் தம் நிறத்தைக் காட்டும். வண்ணக் கண்ணாடி இருந்தபோது அது முடியாத காரியம். சூலாஜின் வாதமும் இதுதான்.

படி 8: பொக்கிஷ அறை

தனிக் கட்டணம், ஆனால் தயங்க வேண்டாம். உள்ளே இருட்டில் 85 செ.மீ. உயரத்தில் உட்கார்ந்திருக்கிறாள் ஃபுவா. மரத்தின் மேல் தங்கத் தகடு, அதன் மேல் ரத்தினங்கள். முகம் ஒரு சிறுமியின் முகமே இல்லை. ரோமானியப் பேரரசின் கடைசிக் காலத்து ஆண் முகமூடி ஒன்றை எடுத்துத் தலையாக வைத்திருக்கிறார்கள். உடல் 9, 10ஆம் நூற்றாண்டு, கைகள் 16ஆம் நூற்றாண்டு. ரத்தினங்களுக்கு நடுவே ரோமானியச் செதுக்குக் கற்களும் பதிந்திருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகள் வந்தவரெல்லாம் ஆளுக்கொன்று பதித்துவிட்டுப் போன உடல் அது.

கி.பி. 1013வாக்கில் அன்ஜே நகரத்திலிருந்து பெர்னார் என்ற படித்த குரு வந்தார். சிலை வணக்கமா, இதென்ன மூடத்தனம் என்று கேலி செய்துகொண்டே வந்தவர், பார்த்து, கேட்டு, மனம் மாறி, அவள் அற்புதங்களைத் தொகுத்தே எழுதிவிட்டார். அவர் எழுத்தில் வரும் ஃபுவா விளையாட்டுப் பிள்ளை. நகை என்றால் உயிர். துலூஸ் பிரபுவின் மனைவி அர்சேந்த் கையில் இருந்த பொன் வளையல்களைக் கனவில் வந்து கேட்டு வாங்கிக்கொள்கிறாள், பதிலுக்குப் பிள்ளை வரம் கொடுக்கிறாள். மடத்து நிலத்தை யாராவது அபகரித்தால் இந்தச் சிலையைப் பல்லக்கில் தூக்கிக்கொண்டு அந்த நிலத்துக்கே போய்விடுவார்கள். உற்சவர் புறப்பாடு பார்த்து வளர்ந்தவர்களுக்கு பெர்னாரின் ஆரம்பத் திகைப்பு புரியாது, ஊர்க்காரர்களின் உரிமை உடனே புரியும்.

புரட்சியின்போது பொன், வெள்ளிப் பொருள்களையெல்லாம் உருக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பிரான்ஸ் முழுக்க இப்படி அழிந்தவை கணக்கில்லை. கோங்க் ஜனங்கள் பொக்கிஷத்தைப் பங்கு போட்டுத் தங்கள் வீடுகளில் ஒளித்தார்கள், ஆபத்து நீங்கியதும் திருப்பிக் கொடுத்தார்கள். ஏழைச் சரிவில் வாழ்ந்த குடும்பங்கள், கையில் பொன். இந்த ஊரின் பெரிய அற்புதம் என்று கேட்டால் நான் சொல்வது இதைத்தான். ஃபுவாவின் எலும்புகளையும் எப்போதோ எங்கோ மறைத்ததில் இடம் மறந்தே போயிற்று. 1875இல் கோயில் சுவருக்குள் ஒரு பெட்டியில் கிடைத்தன.

படி 9: ஊர் ஏன் காலியானது

பாரம்பரியம் என்றால் கோயிலோடு நிறுத்திவிடுகிறார்கள். கடந்த இருநூறு ஆண்டுகளையும் பார்க்க வேண்டும். இங்கே மக்கள் சாப்பிட்டது பெரும்பாலும் செஸ்ட்நட். கோதுமை விளையாத சரிவில் அந்த மரமே ரொட்டி மரம். கொட்டைகளைப் புகையில் உலர்த்தி வைத்துக் குளிர்காலம் முழுக்க ஓட்டினார்கள். காசுக்குத் திராட்சை மது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபில்லோக்செரா பூச்சி வேரைத் தின்றது, சரிவுத் தோட்டங்கள் செத்தன. பக்கத்தில் தெகாஸ்வில்லில் 1820களிலிருந்தே நிலக்கரியும் இரும்பாலையும் ஆள் கேட்டுக்கொண்டிருந்தன. இன்னும் பலர் பாரிஸுக்குப் போனார்கள். பாரிஸின் காபிக் கடைகளில் பெரும்பங்கு வெகுகாலம் அவேரோன்காரர்கள் கையில் இருந்தது இப்படித்தான்.

இதைச் சரிபார்க்க, 1793 முதல் ஊர் ஊராக மக்கள்தொகை தரும் பிரெஞ்சு இணையத் தொகுப்பு இருக்கிறது. எந்தக் கிராமத்துக்குப் போனாலும் முதல் உலகப்போர் நினைவுக்கல்லையும் தேடிப் பாருங்கள். ஒரே குடும்பப் பெயர் இரண்டு மூன்று முறை வரும். ஊரின் அளவோடு அதை வைத்துப் பார்த்தால் காலி வீடுகளுக்கு இன்னொரு காரணம் தெரியும்.

படி 10: பாலமும் எதிர்க்கரையும்

மாலையில் சார்லமேன் தெரு வழியாக ஆற்றுக்கு இறங்குங்கள். கீழே டூர்டுவின் மேல் கல் பாலம். 'ரோமானியப் பாலம்' என்று பெயர்ப்பலகை சொல்லும், கட்டியது இடைக்காலத்தின் கடைசியில். 1998இல் யுனெஸ்கோ பிரான்சின் சந்தியாகோ பாதைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது கோங்க்கின் கோயிலோடு இந்தப் பாலத்தையும் சேர்த்தது. பாலம் தாண்டிச் செங்குத்தாக ஏறினால் புனித ஃபுவா சிற்றாலயம். காலையில் பாங்கரெல் போகாதவர்கள் இங்கிருந்தாவது ஊரைப் பார்த்துவிடலாம். பாதை ஈரமாக இருந்தால் சிஸ்ட் கல் வழுக்கும், நல்ல செருப்பு போடுங்கள்.

நடைமுறைக்குச் சில

ரொடேஸ் வரை ரயில் உண்டு. அதற்குப் பிறகு பேருந்து அரிது, கார் எடுப்பதே நிம்மதி. ஊருக்குள் கார் போகாது, வெளியே கட்டண நிறுத்தம். ஜூலை, ஆகஸ்ட்டைத் தவிர்த்தால் நல்லது. அக்டோபர் 6 ஃபுவாவின் திருநாள், அதை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் நடக்கும். ஆண்டில் ஒரே ஒரு நாள் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அதைத்தான் சொல்வேன். குளிர்காலத்தில் பல கடைகள் மூடிக் கிடக்கும், பொக்கிஷ அறையின் நேரத்தையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்குகிறவர்கள் இரவு ஜெப நேரத்துக்குப் பிறகு வாசலுக்கு வந்துவிடுங்கள். துறவி ஒருவர் சிற்பத்தை உருவம் உருவமாக விளக்குவார். பிரெஞ்சு புரியாவிட்டாலும் அவர் கை காட்டும் திசையைப் பார்த்தே பாதி பிடிபடும்.

சாப்பாட்டில் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் இழைத்த அலிகோ எங்கும் கிடைக்கும். அதைவிட எஸ்தொஃபினாதோ கிடைத்தால் கேளுங்கள்: காய்ந்த வட கடல் மீன், உருளைக்கிழங்கு, முட்டை, வால்நட் எண்ணெய். கடலிலிருந்து இத்தனை தூரத்தில் கருவாடு எப்படி என்றால், லொத் நதியில் சரக்கு ஏற்றிக்கொண்டு போர்தோ போன படகுகள் திரும்பும்போது கொண்டுவந்தது என்று சொல்வார்கள். கூடக் குடிக்க, நொவியால் பக்கத்துச் சிவப்பு மண்ணில் விளையும் மார்சியாக் சிவப்பு மது. அந்தத் திராட்சையை இங்கே கொண்டுவந்தது கோங்க் துறவிகள்தான் என்று தோட்டக்காரர்கள் சொல்வார்கள். வாங்குவதாக இருந்தால் ஊருக்குள் வாங்காமல், திரும்பும் வழியில் மார்சியாக் பள்ளத்தாக்கில் நிறுத்தித் தோட்டத்திலேயே வாங்குங்கள்.